மீதி ஒரு நிமிடம் ஐம்பது நொடி

போன மாதம் ஒரு நாள் காலை, நடை முடிந்து வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "இவன யாரு தாயி போடச் சொன்னது?" என்று கேட்டார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். அதில் ஒரு புதுக் குத்துப்பாட்டு உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். சர்க்கரைக்காகத் தினமும் 45 நிமிடம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதைக் கேட்டதும் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்து, "ஏ பக்கம்" என்றார். டாக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து, பாட்டுக் கேட்கும் ஆப் ஒன்றில் அவருக்குப் பிடித்த ஒன்பது பாட்டுகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். வரிசை முடிந்ததும் ஆப் சும்மா இருக்கவில்லை. இவருக்கு இது பிடிக்கும் என்று தானாகவே ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறது. அப்போது அப்பா நின்றிருந்த இடம் தெருமுனைப் பிள்ளையார் கோவில். நிறுத்தத் தெரியாமல் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே வீடுவரை வந்திருக்கிறார்.

"கடைசில இடம் இருந்தா என்னைக் கேக்கணும்ல" என்றார். அவர் கோபம் குத்துப்பாட்டின் மேல் இல்லை. தன் வேலையை வேறு எவனோ செய்துவிட்டான் என்கிற கோபம்.

ஏனென்றால் 1982-லிருந்து கிட்டத்தட்ட இருபது வருடம் அப்பா செய்த வேலையே அதுதான். கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். கடைக்கு என் பெயர்தான், அதனால் இங்கே எழுதவில்லை. ஆறடிக்கு எட்டடி இருக்கும். ஒரு இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள், கேசட்டில் பதியும் டெக் இரண்டு, ஒரு ஆம்ப்ளிஃபயர், தலைக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, சுவர் முழுக்க எல்.பி. தட்டுகள். டெக் இரண்டையும் சென்னைக்குப் போய் பர்மா பஜாரில் வாங்கி வந்தார். திரும்பும்போது ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாக அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். "உன்னைக்கூட அப்படித் தூக்கினதில்ல."

வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார். சிகரெட் அட்டையில் எழுதி வருபவர்களும் உண்டு, தீப்பெட்டி ஆபீஸ் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வருபவர்களும் உண்டு. 60 வேண்டுமா 90 வேண்டுமா என்று அப்பா கேட்பார். அறுபது என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், தொண்ணூறு என்றால் பக்கத்துக்கு நாற்பத்தைந்து. 120-ம் இருந்தது, ஆனால் அப்பா அதைத் தொடமாட்டார். நேரம் கூடக் கூட நாடா மெலிந்துகொண்டே போகும், 120-ன் நாடா வெங்காயச் சருகு மாதிரி, எப்போது டெக்கில் சுற்றிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது என்பார்.

பதினோரு வயதில் எனக்கு அங்கே இரண்டு வேலைகள். ஒன்று, கேசட் அட்டையில் பாட்டுப் பெயர்களை எழுதுவது. என் கையெழுத்து குண்டுகுண்டாக இருக்கும் என்பதால் அந்த வேலை. இன்னொன்று, நேரம் கூட்டுவது.

அப்பாவிடம் நீள நோட்டு ஒன்று இருந்தது. கடையில் இருக்கும் ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம் எத்தனை நொடி என்று அதில் எழுதி வைத்திருப்பார். தட்டின் உறையில் போட்டிருக்கும் நேரத்தை அவர் நம்பமாட்டார். சுவர்க்கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்தபடி தானே ஓட்டி எழுதியது. வாடிக்கையாளரின் பட்டியலை நான் நோட்டோடு ஒப்பிட்டு நேரங்களைக் கூட்டிச் சொல்ல வேண்டும். நாலு முப்பத்தைந்தும் நாலு நாற்பத்தெட்டும் ஒன்பது இருபத்து மூன்று. இந்தக் கணக்கு எனக்கு எவ்வளவு பழகிப்போயிற்று என்றால், பள்ளிக்கூடத்தில் தசம எண் கூட்டலுக்கும் இதையே செய்து, 4.35-ம் 4.48-ம் 9.23 என்று எழுதிக் கொட்டு வாங்கினேன். இன்று ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். கணக்கு எனக்கு அங்கேதான் வந்தது, அந்தக் கொட்டில் அல்ல.

கூட்டி முடித்தால் ஒருபோதும் சரியாக 45 வராது. 42 வரும், 43 சொச்சம் வரும். அடுத்த பாட்டைப் போட்டால் பாதியில் நாடா தீர்ந்து சரணத்தின் நடுவே கழுத்தை அறுத்த மாதிரி நின்றுபோகும். போடாமல் விட்டால் இரண்டு நிமிடம் 'இஸ்' என்று வெறும் நாடா ஓடும். வெறும் நாடாவைக் கேட்ட வாடிக்கையாளர் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே நினைப்பார். நாடாவுக்கும் சேர்த்துத்தானே காசு வாங்குகிறோம். எனவே அந்த மீதியை நிரப்ப வேண்டும். எதை வைத்து நிரப்புவது என்பதில்தான் அப்பாவின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் இருந்தது.

ஒவ்வொரு கம்பெனி கேசட்டிலும் நாடா கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். நல்ல கம்பெனி என்றால் பக்கத்துக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் கூடவே கொடுப்பார்கள். உள்ளூர்ச் சரக்கு சிலதில் 90 என்று அச்சடித்துவிட்டு 85-க்குத்தான் நாடா சுற்றியிருப்பார்கள். இதுவும் நோட்டில் இருந்தது, கடைசிப் பக்கத்தில், சிவப்பு மையில். ஆக முதல் கணக்கு அது. தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் வெற்று நாடாவைப் பென்சிலால் சுற்றித் தள்ளிவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் முதல் பாட்டின் முதல் எழுத்து விழாது. அது இரண்டாவது கணக்கு. மிச்சம் எவ்வளவு என்று நொடி சுத்தமாகத் தெரிந்த பிறகு நோட்டைத் திறப்பார். குட்டிப் பாட்டுகளுக்கென்றே தனிப் பக்கங்கள் இருந்தன.

மூன்று நிமிட மீதி என்றால் பிரச்சினையே இல்லை, ஐம்பதுகளின், அறுபதுகளின் படங்கள் இருக்கின்றன. அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். அது ரசனையால் மட்டும் வந்த அளவு இல்லை. அந்தக் காலத்து 78 சுற்று அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குக் கொள்ளுவது அவ்வளவுதான். தட்டுக்காகச் சுருக்கி எழுதிய பாட்டு, இருபது முப்பது வருடம் கழித்து கேசட்டின் மிச்சத்தில் வந்து கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. இரண்டு நிமிட மீதி என்றால் கஷ்டம். அதற்குச் சோகப் பாட்டுதான் கைகொடுக்கும். படத்தில் முதலில் மகிழ்ச்சியாக வரும் பாட்டு, பிற்பாதியில் கதாநாயகி பிரிந்த பிறகு அதே மெட்டில் மெதுவாக ஒரு முறை வருமே, அது. பெரும்பாலும் ஒரு சரணத்தோடு முடிந்துவிடும்.

இதனால் கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு வினோதம் நடந்தது. கல்யாண வீட்டுக்கென்று ஆட்டப் பாட்டாகக் கேட்டுப் பதிந்து போன கேசட்டுகளெல்லாம் ஏ பக்கம் முடியும்போது திடீரென்று ஒப்பாரி வைக்கும். ஒருவர் வந்து சண்டையே போட்டார், பொண்ணு மாப்பிள்ளை உள்ளே நுழையும்போது சரியாக அது வந்துவிட்டதாம். அப்பா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இலவசமாக வேறு பதிந்து கொடுத்தார். அதிலும் கடைசியில் பழைய பாடகர் பி.பி. ஸ்ரீநிவாஸ். யார் வந்தாலும், என்ன கேட்டாலும், மூன்று நிமிடம் மிஞ்சினால் அப்பாவின் கை பி.பி. ஸ்ரீநிவாஸிடம்தான் போகும். பதினெட்டு வயசுப் பையன்களுக்கும் அதே. அவர்களில் சிலர் திரும்பி வந்து, "அண்ணாச்சி, கடைசில ஒண்ணு போட்டிருந்தீங்கள்ல, அவரு பாடினது ஒரு கேசட் முழுக்கப் போட்டுக் குடுங்க" என்று கேட்டதும் உண்டு. வராமல் போனவர்கள்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இந்தப் பக்கத்தைப் படிப்பார்.

இந்தத் தொழில் சட்டப்படி சரியா என்று கேட்டால், இல்லை. அடுத்தவர் இசையை அனுமதியில்லாமல் நகலெடுத்து விற்பது. 1984-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். பக்கத்து ஊரில் ரெய்டு என்று சேதி வந்தால் ஒரு வாரம் கடை பூட்டிக் கிடக்கும், 'குடும்ப விசேஷம்' என்று ஒரு அட்டை தொங்கும். அந்த அட்டையையும் நான்தான் எழுதினேன். அப்பாவிடம் பின்னாளில் இதைக் கேட்டேன். "தட்டு வாங்க அவனுக்கு வசதி கிடையாது, என்கிட்ட தட்டு இருக்கு" என்றார். அது பதில் இல்லைதான். ஆனால் அப்போதைய நிலவரம் அதுதான். எல்.பி. தட்டும் அதை ஓட்டும் பெட்டியும் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் இல்லை. பிலிப்ஸ் கம்பெனி 1963-லேயே கேசட்டைக் கொண்டுவந்துவிட்டது, ஆனால் எங்கள் பக்கம் அது வீட்டுக்கு வீடு வந்தது வளைகுடாவுக்குப் போனவர்கள் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் திரும்பிய பிறகுதான்.

வளைகுடா என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மீதி நிமிடங்களை எல்லோரும் பாட்டால் நிரப்பச் சொல்லவில்லை. சிலர் பேசுவதற்கு விடச் சொன்னார்கள்.

அப்போது வெளிநாட்டுக்குப் போன் பேசுவது என்றால் டிரங்க் கால், அதற்குக் காத்துக் கிடக்க வேண்டும், நிமிடத்துக்குப் பணம் பறக்கும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்குக் கடிதமும் உதவாது. எனவே பையனுக்குப் பிடித்த பாட்டுகளைப் பதிந்து, பி பக்கத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் தாங்கள் பேசி, ஊருக்கு வந்து திரும்பும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். சவூதியில் தம்மாமில் வேலை பார்த்த ஒருவரின் அம்மா எங்கள் கடைக்கு வருவார். அப்பா மின்விசிறியை நிறுத்துவார், கதவைச் சாத்துவார், மைக்கை ஒரு துண்டின் மேல் வைப்பார். அந்த அம்மா மைக்கைப் பார்த்துப் பேசமாட்டார், டெக்கைப் பார்த்துத்தான் பேசுவார். "நல்லாருக்கியாய்யா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். பதில் வந்து முடிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். "சாப்பாடெல்லாம் ஒத்துக்கிடுதா?" மறுபடியும் அமைதி. நாடா ஓடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் பாதிக்கு மேல் இப்படி அமைதியாகவே போய்விடும்.

வெறும் நாடா என்றாலே பதறும் அப்பா அதை மட்டும் வெட்டவில்லை. வெட்டலாமா என்று நான்தான் கேட்டேன், வேண்டாம் என்று தலையசைத்தார்.

இரண்டு வருடம் கழித்து அந்த அண்ணன் விடுமுறையில் வந்தபோது கடைக்கு வந்தார். அப்பாவுக்கு ஒரு செண்டு பாட்டில், எனக்கு ஒரு பேனா. வந்தவர் கேட்டது: "அண்ணாச்சி, அம்மா பேசி முடிக்கையில பின்னால ஒரு பஸ்ஸு ஹார்ன் அடிக்கும்ல, அது எட்டயபுரம் பஸ்ஸா, சங்கரன்கோயில் பஸ்ஸா? ரூம்ல எங்களுக்குள்ள பந்தயம்." அப்பா கொஞ்ச நேரம் யோசித்து, சாயங்காலம் நாலரை மணி, அப்படியென்றால் சங்கரன்கோயில்தான் என்றார். அண்ணன் பந்தயத்தில் தோற்றுவிட்டார் போலிருக்கிறது, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பாட்டோடு ஊர்ச் சத்தமும் பதிந்துவிடுவதைப் பற்றிச் சொன்னேன். பாட்டே மாறிப் போவதும் உண்டு. எங்கள் கடைக்கு நாதஸ்வர வித்துவான் ஒருவர் வருவார். கோவில் கொடைத் திருவிழாக்களிலும் கல்யாண ஊர்வலங்களிலும் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்பதால் புதுப் பாட்டுகளைப் பதிந்துகொண்டு போய்ப் பழகுவார். ஒரு நாள் கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, ஒங்க கேசட்ல பாட்டு பூரா அரைக்கட்டை எறங்கிக் கெடக்கு, என் வாத்தியத்துக்கு ஒட்ட மாட்டேங்குது" என்றார். அப்பா நம்பவில்லை. அவர் அங்கேயே சீவாளியை நனைத்து வாசித்துக் காட்டினார். ஆறடி அறைக்குள் நாதஸ்வரம்! காது அடைத்துப்போயிற்று, ஆனால் அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது.

விஷயம் இவ்வளவுதான். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பதியும் டெக்கின் மோட்டார் ஆறு சதவீதம் வேகமாக ஓடிவிட்டால், அதே கேசட்டைச் சரியான வேகத்தில் ஓடும் பெட்டியில் கேட்கும்போது பாட்டு அரைக்கட்டை, அதாவது சுருதியில் ஒரு சின்னப் படி, இறங்கி ஒலிக்கும். டெக்கும் டெக்கும் ஒத்துப்போகாத வரை நமக்குத் தெரியாது, எல்லாரும் அந்தத் தப்பான சுருதியிலேயே பாட்டை மனப்பாடம் செய்துவிடுவோம். அப்பா டெக்கைப் பிரித்து, மோட்டாரின் பின்னால் இருக்கும் துளைக்குள் மெல்லிய ஸ்குரூ டிரைவரை விட்டு, உள்ளே இருக்கும் திருகைத் தலைமுடி அளவு திருப்பினார். டர்ன்டேபிளின் வேகத்தை அதன் விளிம்பில் இருக்கும் புள்ளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், டியூப் லைட் வெளிச்சத்தில் அவை அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி. தட்டில் பாட்டு, டெக்கில் அதே பாட்டு, குறுக்கே நாதஸ்வரம். மூன்றும் சேர்ந்தபோது இரவு ஒன்பது ஆகிவிட்டது. அதற்குள் அந்த டெக்கில் பதிந்து எத்தனை நூறு கேசட் ஊருக்குள் போயிருக்குமோ. கோவில்பட்டியில் ஒரு தலைமுறை சில பாட்டுகளை அரைக்கட்டை கீழேதான் பாடிக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

1992-ல் 'ரோஜா' வந்தபோது கடையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அதுவரை தமிழ்ப் பாட்டுப் பதிவு என்றால் பெரும்பாலும் பெரிய ஸ்டூடியோவில் வயலின் வரிசை, தபேலா, புல்லாங்குழல், பாடகர் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடிச் செய்வது. 'ரோஜா'வுக்கு இசையமைத்த ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ஸ்டூடியோவில் கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் வைத்து ஒவ்வொரு ஒலியாக அடுக்கிச் செய்தார். அதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, டெக்கின் மீட்டர் முள் சிவப்புக்குள் போய்ப் போய் விழுந்ததுதான். வழக்கமாக வைக்கும் அளவில் வைத்தால் அடித்தளச் சத்தம் உடைந்தது. அப்பா குமிழை இறக்கி இறக்கிப் பார்த்துவிட்டு, "இவன் கீழ எதையோ ஒளிச்சு வச்சிருக்கான்" என்றார். மறுநாள் ஸ்பீக்கர் பெட்டிக்குள் பழைய தலையணைப் பஞ்சை அடைத்தார். இளையராஜாவின் பாட்டில் வயலின்களைத் தேடிக் கேட்ட காது, முதல் முறையாகக் கீழே கேட்கத் தொடங்கியது.

ஆனால் அப்போதே கடை இறங்குமுகம்தான். அச்சடித்த அசல் கேசட்டே மலிவாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. பொறுக்கியெடுத்த பாட்டு வேண்டும் என்பவர்கள் மட்டும் வந்தார்கள். கடைசி அடியை எம்.பி.3 சி.டி. அடித்தது. சாதாரண சி.டி.யில் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்.பி. இடம் வேண்டும். எம்.பி.3-யில் ஒரு எம்.பி. போதும். மிச்சம் ஒன்பது எங்கே போயிற்று என்றால், பாதி கணக்கு வித்தை, பாதி நம் காதின் அலட்சியம். கொடையில் தவில் அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவளின் வளையல் சத்தம் நமக்குக் கேட்காது, ஒலி இருக்கும், காது எடுத்துக்கொள்ளாது. அப்படிக் கேட்காமல் போகக்கூடிய ஒலிகளுக்கு எதற்கு இடம் என்று முடிந்தவரை கழித்துவிடுகிறார்கள். இதனால் ஒரே வட்டில் நூற்றைம்பது பாட்டு. நடைபாதையில் கூவிக்கூவி விற்றார்கள். எங்கள் கடைக்குள் வந்த ஒரு பையன் அந்த வட்டைக் காட்டி, இதில் எத்தனை கேசட் இருக்கிறது தெரியுமா என்று அப்பாவிடம் கேட்டான். அப்பா மனசுக்குள் கூட்டி, தொண்ணூறில் ஏழெட்டு என்றார். பையன் போன பிறகு என்னிடம், "கடைசியா எந்தப் பாட்டு வருதுன்னு அதுல எவனுக்குத் தெரியும்?" என்றார்.

2001-ல் கடையை மூடினார். பிறகு அதே இடத்தில் ஜெராக்ஸ் போட்டார், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது அப்பாவும் அம்மாவும் மதுரையில் என்னோடு இருக்கிறார்கள். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பரிசோதனைத் தாளில் கோடு நாலாயிரம் ஹெர்ட்ஸ் தாண்டியதும் படிக்கட்டில் உருண்டது மாதிரி இறங்கியிருந்தது. புதுப் பாட்டுகளில் 'இஸ்' சத்தம் இல்லாமல் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று முன்பெல்லாம் சொல்வார். நாடாவின் மேல் பூசியிருப்பது ஒரு வகை இரும்புத் துரு, அதன் துகள்களிலிருந்து வரும் இரைச்சல் அது. அண்மையில் பரணில் இருந்து ஒரு பழைய கேசட்டை எடுத்து ஓட்டினோம். அதிலும் 'இஸ்' இல்லை என்கிறார். எனக்கு நன்றாகவே கேட்டது. சொல்லவில்லை.

2024-ல் ரஹ்மான் 'லால் சலாம்' படத்துக்கு, காலமாகிவிட்ட பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் உருவாக்கிப் பயன்படுத்தினார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்து. அப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். குரல் வந்த உடனே, "'திருடா திருடா'ல மேளம் தாளம் இல்லாம ஒண்ணு பாடுவாரே, அவருல்லா? எப்ப பாடினது இது?" என்றார். ஷாகுல் ஹமீது இறந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது, இது கம்ப்யூட்டர் பாடியது என்று விளக்கினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ஆச்சரியமா வருத்தமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "எத்தனை நிமிசம்?" என்று கேட்டார்.

ஆப்பைப் பற்றி நியாயமாகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது செய்வதும் அப்பா செய்ததும் அடிப்படையில் ஒன்றுதான். இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதையெல்லாம் கேட்டார்கள் என்று பார்த்து இவருக்கும் அது பிடிக்கும் என்று ஊகிக்கிறது. அப்பாவும் பட்டியலைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுவார். சொல்லப்போனால் ஆப் எனக்குக் காட்டிய பாட்டுகளில் பாதிக்கு மேல் நன்றாகவே இருந்தன, அப்பாவின் பி.பி. ஸ்ரீநிவாஸ் வெற்றி விகிதத்தைவிட நிச்சயம் அதிகம். எனக்கு உறுத்துவது வேறு. அப்பாவுக்கு நிரப்ப ஒரு மீதி இருந்தது, அதற்கு ஒரு முடிவும் இருந்தது. டெக் 'டக்' என்று நிற்கும், எழுந்து போய்க் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும், அந்த நேரத்தில் கடைசியாகக் கேட்டது காதில் நிற்கும். ஆப்புக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. பாட்டுகளும் அதற்கேற்ப மாறிவிட்டன. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அப்படிப்பட்ட இடத்தில் முக்கால் நிமிடம் வயலினை மட்டும் வாசிக்கவிட்டுப் பிறகு பல்லவிக்கு வர எந்த இசையமைப்பாளருக்குத் துணிச்சல் வரும்? அரக்குத் தட்டு மூன்றரை நிமிடத்தில் பாட்டை முடிக்கச் சொன்னது, இது அரை நிமிடத்துக்குள் ஆளைப் பிடிக்கச் சொல்கிறது. என் மகன் ரீல்ஸில் கேட்டுப் பழகிய ஒரு பாட்டை முழுதாகப் போட்டுக் காட்டினால், "இதுக்கு முன்னாடியும் பாட்டு இருக்காம்மா?" என்கிறான்.

சரி, நடைப் பட்டியலுக்கு வருகிறேன். தானாக அடுத்ததைப் போடும் வசதியை அமைப்புகளுக்குள் தேடிப் பிடித்து அணைத்துவிட்டேன். அப்பாவும் நானும் உட்கார்ந்து ஒன்பது பாட்டையும் மாற்றி அடுக்கினோம். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, நடு அரை மணி நேரம் வேகம் பிடிக்கிற மாதிரி, கடைசியில் மறுபடி இறங்குகிற மாதிரி. கூட்டிப் பார்த்தேன், வாய்க்கணக்காகத்தான். 43 நிமிடம் 10 நொடி.

"மீதி?"

"ஒண்ணு அம்பது."

பரணில் இருந்து நீள நோட்டை எடுத்து வரச் சொன்னார். பூச்சி அரித்துப் பக்கங்களில் சல்லடை மாதிரி ஓட்டை. மூன்று நாளாக மூக்குக்கண்ணாடியும் பென்சிலுமாக அதையே புரட்டிக்கொண்டிருக்கிறார். நேற்று ராத்திரி, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். ஒரு சோகப் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டாராம், ஆனால் அது ஒண்ணு அம்பத்தெட்டு.

"எட்டு நொடி கூடப் போவுது. உன் போனு வெட்டிருமா?"

"வெட்டாதுப்பா. போன்ல ஏது நாடா? முடியிற வரைக்கும் ஓடும்."

"வெட்டாதா?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இருந்தாலும் எட்டு நொடி கூடத்தான தாயி. இரு, வேற பாப்போம்" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.